உப்புக் காற்றும் இரண்டு மோட்டார்களும்

போன புரட்டாசியில் ஒரு நாள் காலை தூத்துக்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"ஏல தம்பி, வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. தை பிறந்ததும் கிரயம். ஷெட்டைக் காலி பண்ணிக் கொடுக்கணும். ரெண்டு கிழட்டு வண்டியும் அங்ஙனயே நிக்குல்லா? அதுக்கு ஒரு வழி சொல்லு" என்றாள்.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல, பெரியப்பாவின் மகள். கிழட்டு வண்டிகளில் ஒன்று அவள் அப்பாவுடைய அம்பாசிடர். மற்றது என் அப்பாவுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பாளையங்கோட்டையில் இருக்கிற எனக்குத் தூத்துக்குடி ஒன்றரை மணி நேரப் பஸ் பிரயாணம்தான். ஆனாலும் அந்த ஷெட்டின் கதவைத் திறந்து பார்த்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. இதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் என்பதுதான் சரி.

என் கையில் இருந்ததையும் அக்கா கையில் இருந்ததையும் சேர்த்தால் ஒரு வண்டியைத்தான் செப்பனிட முடியும். எதை? இந்தக் கேள்வியோடு நாற்பது நாள் நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். 9/16 என்று அவர் கையை நீட்டும்போது 1/2 ஐக் கொடுத்து வாங்கிய குட்டுகள் இன்னும் தலையில் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டு வண்டிக்குமே பூர்விகம் இங்கிலாந்து. அம்பாசிடர் என்று நாம் கூப்பிட்டது, ஆக்ஸ்போர்டை ஒட்டிய கௌலியில் 1956-ல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசைக் கார்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-58-ல் அதற்கு அம்பாசிடர் என்று பெயர் சூட்டிக் களத்தில் இறக்கியது. ஹெரால்டு கவென்ட்ரியில் பிறந்தது. 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து மிக்கெலோத்தி. 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கே தயாரித்தது. ஆகவே எங்கள் வீட்டில் ஹெரால்டுக்கு 'மெட்ராஸ் வண்டி' என்றே பெயர். அந்த நாளில் புதுக் கார் வாங்க நினைத்தவனுக்கு அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த பியட், இந்த ஸ்டாண்டர்டு என்று மூன்றே வரன்கள். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜாதகம் பார்க்க நேரம் நிறையவே கிடைத்தது.

வெளித்தோற்றத்தில் ஒன்று பருமன், ஒன்று ஒல்லி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அம்பாசிடருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தரை, பக்கம், கூரை, கதவுக்கு அடியில் ஓடுகிற மூடிய பெட்டிகள் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடம்பே எலும்பாகவும் வேலை செய்கிறது. ஹெரால்டு அப்படி அல்ல. கட்டில் சட்டம் மாதிரி அடியில் ஒரு சேஸிஸ். அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து வைத்துப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

1959-ல் இது பழைய காலத்து வழக்கம். மற்றவர்கள் எல்லாரும் கைவிட்டுக்கொண்டிருந்த சேஸிஸை இவர்கள் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? ரசமான காரணம் உண்டு. கார் உடம்பை முழுசாக அழுத்திச் செய்து கொடுக்கிற பிஷர் அண்டு லட்லோ என்ற பெரிய பட்டறை 1953-ல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷன் கைக்குப் போய்விட்டது. அந்தக் கார்ப்பொரேஷன் யார்? ஆஸ்டினும் மாரிஸும் 1952-ல் ஒன்றுசேர்ந்து உண்டானது. போட்டிக்காரன் தையற்கடையையே விலைக்கு வாங்கிக்கொண்டு, 'உனக்குச் சட்டை தைக்க மாட்டேன்' என்று சொன்ன கதை. டிரையம்ப்காரர்கள் வேறு வழி இல்லாமல் கை ஒரு கடையிலும் கழுத்து ஒரு கடையிலுமாகத் தைத்து வாங்கிச் சேர்த்துப் பூட்டினார்கள். துண்டுகள் சேர்ந்து நிற்பதற்கு அடியில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆக, ஹெரால்டுக்குச் சேஸிஸ் வந்ததற்கு மாரிஸ் வம்சமே ஒரு விதத்தில் காரணம். பங்காளிச் சண்டையில் பிறந்த சட்டம் அது. பங்காளிச் சண்டை என்ற வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தச் சேஸிஸ் சமாசாரம் வெறும் புத்தக விஷயம் அல்ல. ஊருக்குத் தெற்கே திருச்செந்தூர் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் உப்பளம். கிழக்கே கடல். காற்றே உப்பாகத்தான் வரும். உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற குணம் உண்டு என்பது ஜாடியைத் திறந்து வைத்த எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். அந்த ஈரம் இரும்பின்மேல் உட்கார்ந்தால் வெயிலில்கூட முழுசாகக் காயாது. எங்கள் ஊரில் பூட்டு திறக்காது, சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும், ஜன்னல் கம்பி உள்ளே கரைந்து வெளியே பெயின்ட் மட்டும் நின்றுகொண்டிருக்கும். மரத்தை நம்பிய தோணிக்காரர்கள் புத்திசாலிகள். 1974-ல் புதுத் துறைமுகம் வருகிறவரைக்கும் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொண்டுவந்தவை அந்தத் தோணிகள்தான். அவற்றுக்கு வருஷம் தவறாமல் எண்ணெய்க் காப்பு நடக்கும். மோட்டார் வைத்திருந்தவர்களில் அப்படிக் காப்புச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெரியப்பா கார் வாங்கியது 1961-ல். எனக்கு ஏழு வயசு. 1955-லிருந்து அந்த வருஷம் வரைக்கும் ஆண்டுதோறும் எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்கப்புறம் அந்த மாதிரி நடக்கவே இல்லை. கரையில் சிப்பிகளைக் குவித்து, ஆயிரம் சிப்பி இத்தனை ரூபாய் என்று ஏலம் போடுவார்கள். மூடின சிப்பிக்குள் ஆணிமுத்து இருக்கிறதா, அழுகின சதைதான் இருக்கிறதா என்பது எடுத்தவன் அதிர்ஷ்டம். உப்பு வியாபாரத்தில் கணக்குப் பார்த்தே சலித்துப்போன பெரியப்பா அந்த வருஷம் துணிந்து சிப்பி எடுத்தார். நாற்றத்தில் வீட்டுப் பெண்கள் பத்து நாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பதினோராம் நாள் யாரும் நாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் மதுரையிலிருந்து ஒரு வருஷம் ஓடின அம்பாசிடர் வந்து வாசலில் நின்றது.

அந்த வண்டிக்கு 1489 சி.சி. எஞ்சின். கியர்த் தடி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்தபடியால் முன் சீட்டு பெஞ்சு மாதிரி முழுசாக இருக்கும். பெரியப்பா, அவர் மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், டிக்கியில் ஒரு மூட்டை உப்பு. இவ்வளவும் ஏறின பிறகும், 'இன்னும் யாராவது வரணுமா?' என்று கேட்கிற மாதிரி நிற்கும். குண்டும் குழியுமான ரோட்டில் பெரிய மனுஷன் தலையசைப்பதுபோல் அசைந்து போகும். வேகம் கிடையாது. அவசரம் என்ற வார்த்தையே அதற்குத் தெரியாது.

அப்பா 1964-ல் ஹெரால்டு வாங்கினார். 948 சி.சி. தான். கனமும் அம்பாசிடரைவிட எவ்வளவோ குறைவு. அதன் பெருமையெல்லாம் திரும்புவதில் இருந்தது. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்சி திரும்புகிற வட்டம் அது. கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்துகளில் அம்பாசிடர் முன்னும் பின்னுமாக மூன்று தடவை மூச்சுவாங்குகிற இடத்தில் ஹெரால்டு சுண்டிவிட்ட காசு மாதிரி திரும்பி நிற்கும். பனிமய மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் சிக்கிக்கொண்ட பெரியப்பா வண்டியை ஊரே சேர்ந்து தள்ளித் திருப்பியதும், அப்பா பக்கத்துச் சந்தில் நுழைந்து வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்ததும் எங்கள் குடும்பத்தில் பல வருஷம் பேசப்பட்ட சரித்திரம்.

முன்பக்கத்தை இரண்டு கொக்கிகளைக் கழற்றித் தூக்கினால், பானட்டும் மட்கார்டுகளும் விளக்குகளும் ஒன்றாக முன்னால் கவிழ்ந்துகொள்ளும். எஞ்சினும் முன் சக்கரங்களும் திறந்த புத்தகம்போல் தெரியும். அப்பா சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்வார். அம்பாசிடரிலோ தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு கிணற்றில் விழுந்த குடத்தைத் தேடுகிற மாதிரி தேட வேண்டும்.

குறையும் இருந்தது. எங்களுடையது இரண்டு கதவு வண்டி. நாலு கதவு ஹெரால்டு பிற்பாடு இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது. இங்கிலீஷ்காரனுக்குக்கூட அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போனபோது ஆச்சியைப் பின்சீட்டில் ஏற்றியது ஒரு வைபவம். இறக்கியது இன்னொரு வைபவம். நடுவே சில நிமிஷம் ஆச்சி ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏழு பேர். ஹெரால்டின் பின்பக்கத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு வில் பட்டைதான். சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஆடக்கூடியவை. பாரம் கூடினால் சக்கரங்களின் அடி வெளியே அகன்றுவிடும். ஏழு பேரை ஏற்றியது எங்கள் குற்றம், வண்டியுடையது அல்ல. ஆனாலும் கோயில் வாசலில் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்த பெரியப்பா, "என்னடே, ஒன் வண்டி காலை அகட்டிக்கிட்டு வருது? பிள்ளைத்தாச்சியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அநேகமாக அதுதான் கடைசி.

1967-ல் பாகப்பிரிவினை நடந்தது. உப்பளத்து எல்லையில் வந்த தகராறு. நியாயம் யார் பக்கம் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? முற்றத்தில் சுவர் எழும்பியது. அடுக்களை இரண்டாயிற்று. கிணற்றுக்குக்கூட முறை வைத்தார்கள். ஷெட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. நடுவில் சுவர் எழுப்பினால் அம்பாசிடர் நுழையாது. ஆகவே தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வண்டி. இந்தப் பக்கம் எங்கள் வண்டி. 1983-ல் அப்பா காலமாகிறவரை பதினாறு வருஷம் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் வண்டி எடுக்கும்போது மற்றவர் ஷெட்டுக்குள் வரமாட்டார்.

அந்த வருஷங்களில்தான் அப்பா ஹெரால்டைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். முன் சக்கரத்தின் அடியில் பித்தளையில் ஒரு மூட்டு இருக்கிறது. டிரனியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் போடக்கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். ஊரில் பாதி மெக்கானிக்குகள் வழக்கப்படி கிரீஸை அழுத்திவிட்டுப் போவார்கள். கிரீஸ் உள்ளே இறுகி மூட்டு பிடித்துக்கொண்டு ஒரு நாள் சக்கரமே மடங்கிவிடும். அப்பா இந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. இன்னொன்று, எண்ணெய்க் காப்பு. புரட்டாசி பிறந்ததும், அடைமழைக்கு முன்னால், தோணிக்குப் பூசுகிற மீன் எண்ணெயைத் தகர டின்னில் வாங்கி வருவார். அதில் குங்கிலியத்தைப் பொடி செய்து போட்டுக் காய்ச்சுவார். அது அவராகக் கண்டுபிடித்த பக்குவம். பூசினது காய்ந்தால் தோல் மாதிரி படியும் என்பார். வண்டிக்கு அடியில் கோணியை விரித்துப் படுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் பூசுவார். அந்த நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கருவாட்டுக் கார்' என்று பெயர். தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வண்டிக்கு அடியில்தான் குடியிருந்தன.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டுதான் ஐப்பசியில் ஷெட்டைத் திறந்தேன்.

அம்பாசிடர் பார்க்க நன்றாக இருந்தது. அத்தான் 2003 வரையிலும் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டி பார்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, மந்திரி வண்டி மாதிரி வைத்திருந்தார். ஹெரால்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. 1986-லிருந்து அது நகரவே இல்லை. மேலெல்லாம் கொப்புளம், ஒரு பக்கக் கதவில் கை நுழைகிற ஓட்டை, சீட்டுக்குள் எலி. கூட வந்திருந்த மதுரைக்காரர் ஒருவர், பழைய கார்களைச் சேகரிக்கிறவர், அம்பாசிடருக்கு ஒரு விலை சொன்னார். ஹெரால்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதையும் சேர்த்துக் கொடுத்திருங்க" என்றார், கறிவேப்பிலை கேட்கிற மாதிரி.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "முதல்ல குழியில ஏத்திப் பாப்போம்" என்றாள்.

பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு ஒர்க் ஷாப். நடத்துகிறவருக்கு ஐம்பது வயசு இருக்கும். தகப்பனார் காலத்துப் பட்டறை. இரண்டு வண்டியையும் கட்டி இழுத்துக் கொண்டுபோய்க் குழிமேல் நிறுத்தினோம். மெக்கானிக் கையில் ஒரு சுத்தியலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்.

அம்பாசிடரின் கதவுக்கு அடியில் ஓடுகிற மூடிய பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார். அப்பளத்தில் போவதுபோல் உள்ளே போயிற்று. வெளியே வெள்ளைப் பெயின்ட், அதற்குள் பட்டி, அதற்குள் ஒன்றுமில்லை. துருத்தூள் அவர் முகத்தில் கொட்டியது.

"அண்ணாச்சி, இதுக்கு உடம்புதான் எலும்பு. முன் சக்கரத்தைத் தாங்குத முறுக்குக் கம்பி இருக்குல்லா, அதோட பின் முனை தரைக்கு அடியில குறுக்குச் சட்டத்துலதான் கடிச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டு பக்கப் பெட்டியும் போச்சுன்னா அந்தச் சட்டத்துக்குப் பிடிமானம் இல்ல. வண்டி நடுவில மடங்கிரும்" என்றார்.

ஹெரால்டுக்கு அடியில் போனார். சுத்தியல் சத்தம் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகள் மட்டும் துருப்பிடித்திருந்தன. "அது தனியா வெட்டி ஒட்டிக்கிடலாம். சேஸிஸ் கல்லு மாதிரி இருக்கு. மேல உள்ளதெல்லாம் வெறும் சட்டைதானே அண்ணாச்சி" என்றார். மதுரைக்காரர் இப்போது ஹெரால்டை வேறு பார்வை பார்த்தார்.

ஆனால் சாமான்? அம்பாசிடர் 2014 மே மாதம் வரைக்கும் உத்தர்பாராவில் செய்யப்பட்டது. அதன் எந்த உறுப்பையும் எந்த ஊரிலும் தேடிப் பிடிக்கலாம். மெட்ராஸ் வண்டியின் கதை வேறு. ஹெரால்டுக்குப் பின் 1972-ல் கேசல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் செய்வதே நின்றுபோயிற்று. கம்பெனி போன பிறகு டிரனியன் மூட்டு ஒன்றுக்காகத் தவம் கிடக்க வேண்டும். இங்கிலாந்தில் ஹெரால்டு பிரியர்களின் சங்கங்கள் இருக்கிற புண்ணியத்தில் சில உறுப்புகளைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், தபாலில் வரவழைக்கலாம். பிரித்துச் சொன்னால், ஒன்றுக்கு எலும்பு இருக்கிறது, மருந்து இல்லை. மற்றதற்கு மருந்து நிறைய இருக்கிறது, எலும்பு இல்லை.

மெக்கானிக் குழியிலிருந்து ஏறி வந்தார். கையிலிருந்த கறுப்புச் செதில் ஒன்றை முகர்ந்து பார்த்தார்.

"மீன் எண்ணெய். கூட என்னமோ பிசின். எங்க அப்பா சொல்லுவாரு, உங்க வீட்டு வண்டிக்கு இப்படிப் பூசுவாகன்னு. ரெண்டு வண்டிக்கும் நல்லாத்தான் பூசியிருக்கு. அம்பாசிடர்ல பிரஷ் போன இடம் பூரா இன்னும் புது இரும்பு மாதிரி இருக்கு. மூடின பெட்டிக்குள்ளதான் போகலை, பாவம்."

"ரெண்டு வண்டிக்குமா?" என்றேன்.

செதிலை வாங்கி நானும் முகர்ந்தேன். குங்கிலிய வாசனை. அந்தப் பக்குவம் உலகத்தில் ஒரே ஒருவருடையது.

அக்கா பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க அப்பா வண்டிக்கு அடியில ஒருநாளும் எண்ணெய் பூசினதில்லையே. அந்த நாத்தமே அவாளுக்கு ஆகாதே." கொஞ்ச நேரம் கழித்து, "பூனை எங்க வண்டிக்கு அடியிலயும் வந்து படுக்கும்ல. அப்பா வண்டிய எடுக்குமுன்ன குனிஞ்சு பாத்து, சூன்னு வெரட்டிட்டுத்தான் எடுப்பாக. ஏன் வருதுன்னு ஒருநாளும் கேக்கல" என்றாள்.

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் இரண்டு மணி நேரம் தூங்குவார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற எனக்கும் புரட்டாசியில் ஒரு ஞாயிறு மட்டும் விடுமுறை கிடைக்கும். கடற்கரைக்குப் போ என்று காசு கொடுத்து அனுப்பிவிடுவார் அப்பா. மக்ரூன் வாங்கித் தின்றுகொண்டு அலையை எண்ணினேனே ஒழிய, ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அதற்கு மேல் அன்றைக்கு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மதுரைக்காரர்தான் பேசிக்கொண்டிருந்தார். ஹெரால்டுக்கு இப்போது நல்ல விலை சொன்னார்.

எதைச் செப்பனிடுவது என்பதில் அக்காவும் நானும் ஒரு வாரம் சண்டை போட்டோம். விசித்திரமான சண்டை. "ஒங்க அப்பா வண்டிதான் எலும்போட இருக்கு, அதையே செய்" என்று அவள்; "பெரியப்பா வண்டிதான் கோயில் குளமெல்லாம் போன வண்டி, அதைச் செய்வோம்" என்று நான். புத்தியைக் கேட்டால் அவள் சொன்னதுதான் சரி. எந்தக் கார்ப் பிரியனும் சேஸிஸ் நன்றாக இருக்கிற வண்டியில்தான் காசு போடுவான். நல்ல வண்டி எது என்ற கேள்விக்கு, உப்புக் கரையில் ஹெரால்டுதான் நல்ல வண்டி என்று நான் இன்றைக்கும் கோர்ட்டில் சாட்சி சொல்லுவேன்.

மெக்கானிக்கிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சா?"

"ஹெரால்டு காத்திருக்கும் அண்ணாச்சி. ஈரமில்லாத ஊர்ல வச்சா பத்து வருஷம்கூட கிடக்கும். அம்பாசிடர் இன்னொரு மழை தாங்காது."

அதோடு தீர்மானம் ஆகிவிட்டது. காத்திருக்க முடிந்தது காத்திருக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டாள். இரண்டு பேர் பணமும் அம்பாசிடருக்குப் போயிற்று. பெட்டிகளைப் புதுத் தகட்டில் மடித்து அடிக்கச் சொன்னோம். டிங்கர் ஒரே ஒரு யோசனை சொன்னார்: மூடுவதற்கு முன்னால் உள்ளே எண்ணெய் போகிற மாதிரி இரண்டு பக்கமும் துளை விட்டு, ரப்பர் மூடி போட்டுவிடலாம் என்று. போடச் சொன்னோம்.

ஹெரால்டை மார்கழியில் நானும் மெக்கானிக்கின் பையனும் சேர்ந்து ஷெட்டிலேயே கழற்றினோம். அம்பாசிடரை இப்படிக் கழற்ற நினைத்தால் ரம்பம் வேண்டும். இதற்கு ஸ்பானர் போதும். முன்பக்கம் முழுசாக ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, கடைசியில் சேஸிஸ். சில போல்ட்டுகள் இறுகிக் கிடந்தன. அடியில் எண்ணெய் பட்டவை கையால் திருகினாலே கழன்றன. "9/16" என்று கையை நீட்டினேன். பையன் 1/2 ஐக் கொடுத்தான். நான் குட்டவில்லை.

இரண்டு நடை குட்டியானையில் ஏற்றி, வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டை கொண்டுவந்து சேர்த்தேன். கொல்லைப்புறத்து ஓட்டுச் சாய்ப்பில் பானட்டைச் சுவரோடு சாய்த்து, சேஸிஸை நாலு செங்கல்லின்மேல் வைத்திருக்கிறது. மழைத் தண்ணீர் படாத இடம். ஒட்டடை மட்டும் படிகிறது.

பங்குனியில் அக்கா போன் செய்தாள். "ஏல, செல்ஃப் எடுத்திட்டு" என்றாள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. பாதி அவள் பேச்சு, பாதி அது. திருச்செந்தூருக்குப் போகலாமா என்று கேட்டாள். போவோம் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டதற்கு ஒன்பது என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். சேஸிஸுக்கு அடியில் எதிர்வீட்டுப் பூனை படுத்திருந்தது. கடைசியாக எண்ணெய் பூசி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கு எப்படித் தெரிந்ததோ. கையில் செம்போடு வந்த என் மனைவி அதை விரட்டப் போனாள். "கிடக்கட்டும்" என்றேன்.